திருத்தூதர் சீமோனின் அடைமொழி

ஆண்டுதோறும் அக்டோபர் 28-ஆம் நாள் திருத்தூதர்களான புனித சீமோன், புனித யூதா ஆகிய இருவரின் விழாவைத் திருச்சபை கொண்டாடுகின்றது. அவ்விழாவையொட்டி எங்கள் பங்கில் நடைபெற்ற விவிலிய வகுப்பில், மத்தேயு நற்செய்தியின் பத்தாம் அதிகாரத்திலுள்ள திருத்தூதர் பெயர்ப் பட்டியலை வாசித்துக்கொண்டிருந்தோம். சீமோனின் பெயருக்கு முன்னால் 'தீவிரவாதி' என்னும் அடைமொழி வந்ததும், கல்லூரியில் பயிலும் இளைஞர் ஒருவர் எழுந்தார். "சாமி, ஒரு தீவிரவாதியை ஆண்டவர் எப்படித் தம் திருத்தூதராகத் தேர்ந்துகொண்டார்? என் நண்பர்கள் கேட்டால் நான் என்ன சொல்வது?" என்று வினவினார். வகுப்பில் சிலர் சிரித்தனர். அவரோ சிரிப்பதற்காகக் கேட்கவில்லை. செய்தித்தாளில் குண்டுவெடிப்போடு சேர்ந்து வரும் ஒரு சொல், புனிதர் ஒருவரின் பெயரோடும் சேர்ந்து வந்தது அவர் உள்ளத்தை உறுத்தியிருந்தது. அன்று நான் அளித்த விடை எனக்கே நிறைவு தரவில்லை. அச்சொல்லைத் தேடிச் சென்றதன் பயனே இக்கட்டுரை.

ஒரு சீமோன், மூன்று பெயர்கள்

நம் கைகளில் இன்று தவழும் பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியம் சீமோனைத் தீவிரவாதி என்கின்றது. சீர்திருத்தத் திருச்சபையினர் நெடுங்காலமாகப் போற்றிவரும் பழைய மொழிபெயர்ப்போ, மத்தேயுவில் அவரைக் 'கானானியன்' என்றும், லூக்காவில் 'செலோத்தே' என்றும் குறிப்பிடுகின்றது. ஒருவருக்கே இம்மூன்று பெயர்களும் எவ்வாறு வந்தன?

ஆண்டவரும் அவர்தம் சீடரும் பேசிய மொழி அரமேயம். அம்மொழியில் ஆர்வக்கனல் மிக்கவனைக் 'கன்அன்' என்பர். மத்தேயுவும் மாற்கும் அச்சொல்லின் ஒலியை அப்படியே கிரேக்கத்தில் எழுதினர். லூக்கா ஒலியை விடுத்துப் பொருளை எடுத்து, 'செலோட்டெஸ்' என்று கிரேக்கச் சொல்லால் எழுதினார். அரமேயம் அறியாத பிற்காலத்தவர், மத்தேயு எழுதிய சொல்லை ஊர்ப்பெயராகவோ இனப்பெயராகவோ கருதிவிட்டனர். அவ்வாறு பிறந்ததே 'கானானியன்'. ஆகவே, கானான் நாட்டிற்கும் சீமோனுக்கும் தொடர்பில்லை. அவர் ஆர்வக்கனல் மிக்க ஒரு யூதர், அவ்வளவே.

இந்த அரமேயச் சொல்லுக்கு உறவான எபிரேயச் சொல் 'கின்ஆ' என்பது. பொறாமை, ஆர்வக்கனல் ஆகிய இரண்டையும் எபிரேயர் இவ்வொரு சொல்லாலேயே குறித்தனர். மனைவிமீது ஐயங்கொண்ட கணவனைப் பற்றி எண்ணிக்கை நூலின் ஐந்தாம் அதிகாரம் பேசும்போது வருவதும் இச்சொல்லே. வேறு தெய்வங்களைத் தம் மக்கள் வணங்குவதைப் பொறாத கடவுளைப் பற்றி விடுதலைப் பயண நூல் பேசும்போது வருவதும் இதே வேரிற் பிறந்த சொல்லே. கிரேக்கத்தின் 'செலோஸ்' இவ்விரு பொருளையும் தாங்கியது. அதனைக் கடன்பெற்ற இலத்தீனின் 'செலுஸ்' என்பதும் அவ்வாறே. அதிலிருந்தே ஆங்கிலத்தில் ஆர்வத்தைக் குறிக்கும் 'சீல்', பொறாமையைக் குறிக்கும் 'ஜெலசி' ஆகிய இரண்டு சொற்களும் பிறந்தன.

இதனை நாம் கூர்ந்து நோக்க வேண்டும். தொடக்கத்தில் இது வெறுப்பின் சொல் அன்று, அன்பின் சொல். தனக்கே உரியது என்று ஒருவன் போற்றும் ஒன்றிற்கு ஊறு நேரும்போது, அவன் நெஞ்சில் மூளும் நெருப்பையே இது குறிக்கின்றது. அன்பில்லாதவனுக்கு இந்நெருப்பு இல்லை. அதனாலேயே இது தூயது. அதனாலேயே இது அஞ்சத்தக்கதும் ஆகும்.

ஈட்டியும் மெல்லிய ஒலியும்

பழைய ஏற்பாட்டில் இச்சொல்லுக்கு இலக்கணமாக விளங்குபவர் ஆரோனின் பேரன் பினகாசு. இஸ்ரயேல் மக்கள் மோவாபு நாட்டில் பாகால் பெகோரை வணங்கத் தலைப்பட்டபோது, இஸ்ரயேலன் ஒருவனையும் அவன் அழைத்துவந்த மிதியானியப் பெண்ணையும் பினகாசு ஈட்டியால் குத்திக் கொன்றார். கொள்ளைநோய் நின்றது, என்றுமுள்ள குருத்துவ உடன்படிக்கை அவருக்கு அளிக்கப்பட்டது என்று எண்ணிக்கை நூல் கூறுகின்றது. நமக்குக் கடினமான பகுதி இது. ஆயினும், பின்வந்த தலைமுறையினர் இதனை மறக்கவில்லை. கி.மு. 167-ஆம் ஆண்டளவில், அந்தியோக்கு மன்னன் எருசலேம் ஆலயத்தைத் தீட்டுப்படுத்தி யூதரை வேற்றுத் தெய்வ வழிபாட்டிற்குக் கட்டாயப்படுத்தியபோது, மோதயின் ஊரில் மத்தத்தியா என்னும் முதிய குரு, பலி செலுத்த முன்வந்த யூதன் ஒருவனையும் மன்னனின் அலுவலனையும் பலிபீடத்தருகிலேயே வெட்டி வீழ்த்தினார். மக்கபேயர் முதல் நூல் அவரைப் பினகாசோடு ஒப்பிட்டுப் போற்றுகின்றது.

இவ்விருவருக்கும் இடைப்பட்ட காலத்தவர் இறைவாக்கினர் எலியா. கீசோன் ஓடையருகே பாகாலின் பொய்வாக்கினர் நானூற்றைம்பது பேரைக் கொன்றவர் அவர். பின்னர் ஈசபேலுக்கு அஞ்சி ஓரேபு மலையை அடைந்து, ஆண்டவர்பால் தமக்குள்ள ஆர்வக்கனலை ஒருமுறைக்கு இருமுறை எடுத்துரைக்கின்றார். அங்கும் அதே வேர்ச்சொல்தான். ஆனால் கடவுள் அவருக்குப் பெருங்காற்றில் தோன்றவில்லை, நிலநடுக்கத்தில் தோன்றவில்லை, நெருப்பிலும் தோன்றவில்லை. மெல்லிய ஒலியொன்றிலேயே எலியா அவரை உணர்ந்தார். வானத்து நெருப்பை இறக்கிய இறைவாக்கினர் நெருப்பில் இறைவனைக் காணவில்லை என்பது, மறைநூல் தன் பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் முதற்பாடம் எனலாம்.

எரிந்த தானியம்

சீமோன் பிறந்து வளர்ந்த கலிலேயா, இந்நினைவுகளால் சூடேறியிருந்த மண். கி.பி. 6-ஆம் ஆண்டில் உரோமையர் யூதேயாவில் வரிக்கென மக்கள்தொகைக் கணக்கெடுத்தபோது, கலிலேயனான யூதா என்பவன் கிளர்ச்சி செய்தான். கடவுள் ஒருவரே ஆண்டவராய் இருக்க, வேற்றரசனுக்கு வரி செலுத்துவது அடிமைத்தனம் என்பது அவன் கொள்கை. அவனது எழுச்சியைத் திருத்தூதர் பணி நூலும் ஐந்தாம் அதிகாரத்தில் குறிப்பிடுகின்றது.

இங்கு ஓர் எச்சரிக்கை தேவை. சீமோன் ஆயுதமேந்திய இயக்கமொன்றைச் சேர்ந்தவர் என்று பல மறையுரைகளில் நாம் கேட்டிருக்கின்றோம். நானும் அவ்வாறு பேசியதுண்டு. ஆனால் 'செலோட்டுகள்' என்னும் பெயரில் ஒரு கட்சி வரலாற்றில் தெளிவாகத் தோன்றுவது கி.பி. 66-இல் உரோமைக்கு எதிராகப் போர் மூண்ட பின்னரே என்று இன்றைய ஆய்வாளர் பலர் கருதுகின்றனர். அப்படியாயின், ஆண்டவர் காலத்துச் சீமோனுக்கு அப்பெயர், திருச்சட்டத்தின்மீது அவர் கொண்டிருந்த கடும்பற்றினால் வந்திருத்தல் கூடும்.

அக்கட்சியின் கதையை யூத வரலாற்றாசிரியர் யோசேபு தம் 'யூதப் போர்' என்னும் நூலில் விரிவாக எழுதியுள்ளார். அவர் உரோமையர் பக்கம் சேர்ந்தவர், செலோட்டுகளை வெறுத்தவர். அதனை மனத்திற்கொண்டே அவர் எழுத்தைப் படிக்க வேண்டும். நன்மைமீது ஆர்வமுடையோர் என்று தங்களுக்குத் தாங்களே பெயரிட்டுக்கொண்டு, தீமையிலேயே ஆர்வம் காட்டினார்கள் என்பது அவர் மனக்குறை. அவர்கள் எருசலேம் ஆலயத்தையே தங்கள் கோட்டையாக்கிக் கொண்டனர். இதுமேயருடன் சேர்ந்து, முன்னாள் தலைமைக் குரு அனனுவைக் கொன்றனர். பின்னர் அவர்களுக்குள்ளேயே பிளவு ஏற்பட்டது. நகரம் மூன்று படைகளின் போர்க்களமாயிற்று. வெளியே உரோமைப் படை சூழவிருக்க, உள்ளே ஒருவரையொருவர் வீழ்த்துவதற்காக, முற்றுகையைப் பல்லாண்டு தாங்கப் போதுமானதாயிருந்த தானியக் களஞ்சியங்களைக் கொளுத்தினர். கி.பி. 70-இல் பட்டினியால் மெலிந்த நகரம் வீழ்ந்தது, ஆலயம் எரிந்தது. ஆலயத்தைக் கொளுத்தியவர்கள் உரோமையர். ஆனால் ஆலயத்தைக் காக்க எழுந்தோர் மக்களின் அப்பத்தை முன்னரே கொளுத்திவிட்டனர். பேரன்பாகத் தொடங்கிய ஒன்று தன் அன்புக்குரியதையே அழித்த வரலாறு இது.

தமிழ்ச் சொற்கள் காட்டும் வழி

இச்சொல்லைத் தமிழில் பெயர்த்தோர் எத்தகைய சொற்களை நாடினர் என்பதும் சிந்திக்கத்தக்கது. பழைய மொழிபெயர்ப்பாளர்கள் 'வைராக்கியம்', 'பக்திவைராக்கியம்' என்று எழுதினர். வைராக்கியம் என்னும் வடசொல்லின் முதற்பொருள் பற்றின்மை. 'ராகம்' என்பது ஆசை. அது நீங்கிய நிலை வைராக்கியம். பிரசவ வைராக்கியம், மயான வைராக்கியம் என்று நம் பெரியோர் கேலியாகச் சொல்வதில் அப்பழம்பொருள் இன்னும் உயிரோடிருக்கின்றது. பிள்ளைப்பேற்றின் வேதனையிலும், சுடுகாட்டின் வாயிலிலும் தோன்றி, வீடு திரும்பியதும் மறைந்துபோகும் துறவு அது. ஆனால் நம் பேச்சுவழக்கில், "அவன் வைராக்கியமாய் இருக்கிறான்" என்றால், கொண்டதை விடாத பிடிவாதக்காரன் என்றே பொருள். பற்றை விடுவதற்குத் தேவையான உறுதியே, பற்றை விடாமைக்கும் பெயராகிவிட்டது! மனித உள்ளத்தை இதைவிட நன்கு காட்டும் சொல் அரிது. துறவியும் பிடிவாதக்காரனும் ஒரே சொல்லில் குடியிருக்கின்றனர்.

எல்லை மீறிய பற்றுக்கு நாம் இன்று வழங்கும் சொல் 'வெறி': மதவெறி, சாதிவெறி, கொலைவெறி. இச்சொல்லும் கோவில் முற்றத்திலிருந்து வந்ததே. சங்ககாலக் குறிஞ்சி நிலத்தில், முருகனுக்குரிய வேலன் தெய்வம் ஏறப்பெற்று ஆடிய ஆட்டத்திற்கு வெறியாட்டு என்று பெயர். மேலை நாட்டிலும் இவ்வாறே நிகழ்ந்தது. ஆங்கிலத்தில் வெறியனைக் குறிக்கும் 'ஃபனாட்டிக்' என்னும் சொல், கோவில் எனப் பொருள்படும் 'ஃபானும்' என்ற இலத்தீன் சொல்லின் வழிவந்தது. பெல்லோனா என்னும் போர்த்தெய்வத்தின் பணியாளர் ஆவேசங்கொண்டு தங்கள் கைகளைத் தாங்களே கீறிக்கொண்டதை உரோமைப் புலவர்கள் பாடியுள்ளனர். அத்தகையோரையே முதலில் அச்சொல் சுட்டியது.

வெறியாட்டுப் பாடல்களைப் படித்தோர் அவற்றிலுள்ள ஒரு நுட்பத்தை அறிவர். தலைவி மெலிகின்றாள். அவள் நோய்க்குக் காரணம் தலைவன்மீது கொண்ட காதல். அதனை அறியாத தாய், முருகன் அணங்கினான் என்று எண்ணி வேலனை அழைக்கின்றாள். வேலன் ஆடுகின்றான், ஆட்டுமறி அறுக்கப்படுகின்றது. தலைவிக்கும் தோழிக்கும் உண்மை தெரியும், நமக்கும் தெரியும். ஆவேசத்தில் குறையில்லை, தாயின் அன்பிலும் குறையில்லை. அறிவில்தான் குறை. நோய் ஒன்று, மருந்து வேறு. இடையில் உயிர்விடுவதோ ஒன்றுமறியாத மறி. இன்று மதவெறி என்றும் சாதிவெறி என்றும் நாம் சொல்லும்போதெல்லாம், அந்த மறி என் நினைவுக்கு வருகின்றது.

சவுலின் ஆர்வம், பவுலின் ஆர்வம்

வேலனின் கதையில் நாம் கண்ட குறையைத்தான் பவுலடியார் தம் சொந்த இனத்தாரிடம் கண்டு வருந்துகின்றார். உரோமையருக்கு எழுதிய திருமுகத்தின் பத்தாம் அதிகாரத்தில், அவர்களுக்குக் கடவுள்மீது ஆர்வம் உண்டு, ஆயினும் அது அறிவோடு கூடியதன்று என்கின்றார். அவர் பிறரைக் குறைகூறும் நோக்கில் இதனை எழுதவில்லை. மூதாதையர் மரபுகளில் தாம் கொண்டிருந்த ஆர்வத்தைக் கலாத்தியருக்கு எழுதும்போது, லூக்கா சீமோனுக்கு வழங்கிய அதே சொல்லால் தம்மைச் சுட்டுகின்றார். அவ்வார்வத்திற்குச் சான்றாகப் பிலிப்பியருக்கு அவர் எடுத்துக்காட்டுவது என்ன? தாம் திருச்சபையைத் துன்புறுத்தியதையே! ஸ்தேவான் கல்லெறியுண்டபோது சாட்சிகளின் மேலாடைகள் அவர் காலடியில்தான் கிடந்தன.

தமஸ்கு வழியில் அவரது நெருப்பு அணைக்கப்பட்டதா? இல்லை. கொரிந்தியருக்கு எழுதும்போதும் அதே சொல்லை அவர் ஆள்கின்றார். ஆனால் இப்போது அந்நெருப்பின் திசை மாறியிருக்கின்றது. முன்பு அவர் பிறரைக் கட்டிச் சிறைக்கு இழுத்துச் சென்றார். இப்போது அவரே சிறைப்படுகின்றார். முன்பு கல்லெறிந்தோர்க்கு உடன்பட்டார். லிஸ்திராவில் அவர்மீதே கல்லெறியப்படுகின்றது.

இம்மாற்றத்தின் ஊற்றை நற்செய்தியில் காணலாம். ஆண்டவர் எருசலேம் ஆலயத்தைத் தூய்மையாக்கியபோது, சீடருக்கு 69-ஆம் திருப்பாடல் நினைவுக்கு வந்தது என்று யோவான் எழுதுகின்றார். இறைவனின் இல்லத்தின்மீது கொண்ட ஆர்வம் தன்னை எரித்துவிட்டது என்று அத்திருப்பாடல் இறந்தகாலத்தில் கூறுவதை, யோவான் எதிர்காலத்தில் வைக்கின்றார். வரவிருக்கும் சிலுவையை அவர் நினைக்கின்றார் என்பது விளக்கவுரையாளர் கருத்து. இங்கே எரிக்கப்படுவது யார்? காசு மாற்றுவோர் அல்லர்; புறா விற்போர் அல்லர்; ஆண்டவரே. பினகாசின் ஆர்வம் பிறரைக் குத்தியது. இயேசுவின் ஆர்வம் அவரது விலாவையே ஈட்டிக்குத் திறந்து வைத்தது. சமாரியரின் ஊர்மீது வானத்து நெருப்பை வருவிக்கலாமா என்று, எலியாவை நினைவூட்டும் சொற்களால் யாக்கோபும் யோவானும் கேட்டபோது, அவர் திரும்பிப் பார்த்து அவர்களைக் கடிந்துகொண்டதன் பொருளும் இதுவே.

நமது வரலாறு

இந்தப் பாடத்தை நாம் கற்றுக்கொண்டோமா? 1096-ஆம் ஆண்டில் முதலாம் சிலுவைப்போருக்குப் புறப்பட்ட கூட்டங்களுள் சில, கீழைநாடு செல்லுமுன் ரைன் ஆற்றங்கரை நகரங்களில் வாழ்ந்த யூதர்மீது பாய்ந்தன. ஸ்பையர் நகர ஆயர் யூதருள் பெரும்பாலோரைக் காப்பாற்றினார். வோர்ம்ஸ், மைன்ஸ் ஆகிய நகரங்களிலோ ஆண்களும் பெண்களும் குழந்தைகளும் பெருந்தொகையாய் மாண்டனர். ஆண்டவரின் பாடுகளுக்குப் பழிவாங்குவதாகவே கொன்றவர்கள் நம்பினர்.

ஐம்பது ஆண்டுகளுக்குப் பின் இரண்டாம் சிலுவைப்போருக்கு அழைப்பு விடுத்தவர் புனித பெர்நார்து. 1146-ஆம் ஆண்டு மார்ச் 31-ஆம் நாள் வெசலே என்னும் ஊரில் அவர் ஆற்றிய உரை பல்லாயிரவரைக் கிளர்ந்தெழச் செய்தது. அதே ஆண்டில் ராதுல்பு என்னும் துறவி ரைன் பகுதியில் யூதருக்கு எதிராக மக்களைத் தூண்டத் தொடங்கினார். பெர்நார்து வாளாவிருக்கவில்லை. யூதரைக் கொல்லலாகாது என்று கடிதம் எழுதினார். மக்களின் ஆர்வத்தை அறிவு கட்டுப்படுத்த வேண்டும் என்று, பவுலடியார் கருத்தையே தழுவி எழுதினார். பின்னர்த் தாமே நேரில் சென்று அத்துறவியை மடத்திற்குத் திருப்பி அனுப்பினார். நெருப்பை மூட்டியவரே அது வீட்டைப் பற்றுமுன் ஓடிச்சென்று தடுக்க வேண்டியதாயிற்று. எட்டரை நூற்றாண்டுகள் கழிந்து, 2000-ஆம் ஆண்டு மார்ச் 12-ஆம் நாள், திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் புனித பேதுரு பேராலயத்தில் திருச்சபையின் மக்கள் செய்த பாவங்களுக்காக இறைவனிடம் மன்னிப்பு வேண்டினார். உண்மைக்குப் பணிபுரிவதாக எண்ணிச் செய்த பாவங்கள் அவற்றுள் தனியே குறிப்பிடப்பட்டன.

இவை தொலைநாட்டுச் செய்திகள் என்று நாம் தப்பித்துக்கொள்ள வேண்டாம். பல ஆண்டுகளுக்குமுன் நான் பணியாற்றிய சிற்றூரொன்றில், மாதாவின் தேர் முதலில் எத்தெருவில் திரும்புவது என்பதில் இரு தெருவினருக்குள் தகராறு மூண்டது. இருட்டில் கல் பறந்தது. ஏழு வயதுச் சிறுவன் ஒருவனின் நெற்றி பிளந்தது. அவனைத் தூக்கிக்கொண்டு மருத்துவமனைக்கு விரைந்த வழியில், உடன்வந்த பெரியவர் ஒருவர், "என்ன சாமி செய்வது, எல்லாம் மாதாமேல உள்ள வைராக்கியம்" என்றார். நான் விடையளிக்கவில்லை. அன்று காலை மறையுரையில், நம்மூர்த் தேரைப்போல் சுற்றுவட்டாரத்தில் வேறெங்கும் உண்டா என்று முழங்கி, அவர்களைக் கைதட்ட வைத்தவன் நானே. கல்லை எறிந்த கை எதுவென்று இன்றுவரை தெரியவில்லை. அக்கையைச் சூடேற்றியதில் என் பங்கும் உண்டு என்பது மட்டும் தெரியும்.

ஒரே பந்தியில்

அந்த இளைஞரின் கேள்விக்கு இப்போது வருகின்றேன். ஆண்டவர் சீமோனின் நெருப்பைக் கண்டு அஞ்சி அவரை ஒதுக்கவில்லை; வெதுவெதுப்பாயிருப்போரைவிட அனல்கொண்டோர்மீது அவருக்கு வெறுப்பு இருந்ததில்லை. ஆனால் அவரைத் தம்மோடு வைத்துக்கொண்டார். யாரோடு சேர்த்து வைத்துக்கொண்டார் என்பதையும் பாருங்கள். அதே பட்டியலில், சில பெயர்களுக்கு முன்னால், 'வரிதண்டினவர்' என்னும் அடைமொழியோடு மத்தேயு இருக்கின்றார்.  அந்நாளில் திருச்சட்டத்தில் கடும்பற்றுடைய ஒருவர் வரிதண்டுவோர் வீட்டு வாசற்படியை மிதிக்கத் தயங்குவார். இவ்விருவரையும் ஆண்டவர் ஒரே வழியில் நடக்க வைத்தார். ஒரே பந்தியில் அமர்த்தி, ஒரே அப்பத்தை உண்ண வைத்தார்.

சீமோன் பேசிய ஒரு சொல்கூட நற்செய்திகளில் பதிவாகவில்லை. கெத்சமனியில் வாளை உருவியவரும் இந்தச் சீமோன் அல்லர், சீமோன் பேதுருவே. அடைமொழி ஒருவருக்கு, அவசரம் மற்றவருக்கு! மத்தேயுவின் அருகே அமர்ந்து உண்ட நாள்களில் சீமோனின் உள்ளத்தில் என்ன நிகழ்ந்தது என்பதை இறைவன் ஒருவரே அறிவார். ஆயினும் அவரது அடைமொழி நீக்கப்படவில்லை. இறுதிவரை அவர் ஆர்வக்கனல் மிக்கவராகவே திருச்சபையின் நினைவில் நிற்கின்றார்.

அடுத்த வகுப்பில் அந்த இளைஞரிடம் நான் சொல்ல எண்ணியிருப்பது இதுதான். தம்பி, உன் நெஞ்சில் நெருப்பு இருக்கட்டும். ஆனால் இறைவனுக்காக நீ கொதித்தெழும் ஒவ்வொரு முறையும், அந்நெருப்பில் எரிவது யார் என்று ஒரு கணம் பார்த்துக்கொள். எரிவது உன் நேரமும், உன் வசதியும், உன் பெருமையும் என்றால், அஞ்சாமல் நட. எரிவது இன்னொருவனின் வீடு என்றால், அங்கேயே நின்று, உன் அருகில் அமர நீ மறுக்கும் மத்தேயு யார் என்று தேடு.